எப்போதும் நூறில்

பேட்டரி என்பது பயன்படுத்தினால்தான் தேயும், தொடாமல் வைத்திருந்தால் புதிதாகவே இருக்கும் என்று நான் பல வருடம் நம்பினேன். நம்பியதோடு விட்டிருந்தால் நஷ்டம் என்னோடு போயிருக்கும். லேப்டாப் வாங்கப்போகிறேன் என்று யார் சொன்னாலும், "சார்ஜரக் கழட்டாதீங்க, பேட்டரி பல வருஷம் உழைக்கும்" என்று சொல்லி அனுப்பினேன். அப்படி என் பேச்சைக் கேட்டவர்களில் ஒருத்தி என் அண்ணன் மகள். அவளுக்கு நேர்ந்ததை நினைத்துத்தான் இதை எழுதுகிறேன்.

அந்த நம்பிக்கை எனக்கு எங்கிருந்து வந்தது என்பது நன்றாகவே தெரியும். 2012-இல் திருச்சியில் இருந்தவர்களுக்கு அந்த மின்வெட்டை நினைவூட்ட வேண்டியதில்லை. சென்னைக்கு வெளியே தமிழ்நாடு முழுக்க அதே கதை. ஒரு மணி நேரம் இருந்தால் அடுத்த ஒரு மணி நேரம் இருக்காது. நள்ளிரவில் மின்விசிறி நின்றதும் பாயும் தலையணையுமாகத் தெருவே மொட்டை மாடிக்கு ஏறும். நான் அப்போதே வீட்டிலிருந்தபடி மொழிபெயர்ப்பு வேலை செய்துகொண்டிருந்தேன். கொடுத்த தேதியில் பக்கங்களை அனுப்பாவிட்டால் அடுத்த வேலை வராது. நான் மெழுகுவர்த்தியோடு கையால் எழுதுவதைப் பார்த்துப் பொறுக்காமல் அப்பா தன் ஓய்வூதியத்தில் சேர்த்த பணத்தை எடுத்து இன்வெர்ட்டர் வாங்கினார்.

மாடிப்படிக்கு அடியில் அதற்கு இடம் ஒதுக்கினார். கூடவே வந்த டியூபுலர் பேட்டரியை அவர் பார்த்துக்கொண்ட விதம் இன்றைக்கும் கண்முன் நிற்கிறது. மாதா மாதம் குனிந்து உட்கார்ந்து ஒவ்வொரு மூடியிலும் மிதவை எந்த அளவில் நிற்கிறது என்று பார்ப்பார். இறங்கியிருந்தால் டிஸ்டில்டு வாட்டர் கேனையும் புனலையும் என்னை எடுத்துவரச் சொல்வார். அளவுக் குறியைத் தாண்டி ஒரு சொட்டு ஊற்ற மாட்டார். டெர்மினலில் பூத்திருக்கும் வெள்ளைப் பொடியை வெந்நீரில் கழுவித் துடைத்து வாசலின் தடவுவார். மின்சாரம் போய் நெடுநேரம் இன்வெர்ட்டரில் ஓடிய நாட்களில், திரும்ப மின்சாரம் வந்ததும் அவர் முதலில் பார்ப்பது சார்ஜ் ஏறும் விளக்கைத்தான். "பேட்டரிய பசியோட போடக்கூடாதும்மா. காலியா கெடந்தா செத்துரும்" என்பார்.

அவர் சொன்னதில் ஒரு எழுத்துகூடத் தவறில்லை. இன்வெர்ட்டரில் இருப்பது ஈய அமில பேட்டரி. 1859-இல் பிரான்சில் காஸ்டன் பிளாந்தே செய்துகாட்டியது. காரிலும் பேருந்திலும் இன்றுவரை ஓடுவது அந்த வம்சம்தான். அது காலியாகக் கிடந்தால் தகடுகளின் மேல் ஈய சல்பேட் கெட்டிப் படிகமாகப் படிந்துவிடும். பிறகு எவ்வளவு சார்ஜ் ஏற்றினாலும் அந்தப் படிகம் முழுக்கக் கரையாது. கரையாத அளவுக்குக் கொள்ளளவு போனது போனதுதான். ஆகவே நிறைந்து இருப்பதுதான் அதற்கு ஆரோக்கியம். அப்பாவின் பராமரிப்பில் அந்த பேட்டரி, விற்ற கடைக்காரர் சொன்ன வருடங்களைத் தாண்டி உழைத்தது.

எனக்குள் இன்னொரு பாடமும் ஏற்கெனவே ஏறியிருந்தது. முதன்முதலாகச் செல்போன் வாங்கியபோது கடைக்காரர் சொன்னது: "மொதல் தடவ எட்டு மணி நேரம் சார்ஜ் போடுங்க. அப்புறம் சுத்தமா தீர்ந்த பொறகுதான் போடணும்." அந்தக் காலத்தில் எல்லாக் கடையிலும் இதையே சொன்னார்கள். காரணமும் இருந்தது. ஸ்வீடனில் வால்டெமர் யுங்னர் 1899-இல் கண்டுபிடித்த நிக்கல் காட்மியம் பேட்டரிக்கு ஒரு குணம் உண்டு. பாதி தீர்ந்த நிலையிலேயே திரும்பத் திரும்பச் சார்ஜ் ஏற்றினால், அந்தப் பாதிதான் தன் முழு அளவு என்பதுபோல நடந்துகொள்ளும். அடுத்து வந்த நிக்கல் மெட்டல் ஹைட்ரைடிலும் இது ஓரளவு இருந்தது. நோக்கியா 3310 முதலில் அந்த வகை பேட்டரியோடுதான் வந்தது. கடைக்காரர் சொன்ன யோசனை அந்த பேட்டரிக்குப் பொருந்தியது. பேட்டரி மாறிப்போனது, யோசனை மட்டும் மாறாமல் என்னிடம் தங்கிவிட்டது.

என் முதல் லேப்டாப்புக்கு நான் செல்போன் கடைப் பாடத்தைத்தான் பின்பற்றினேன். திரை தானாக அணையும்வரை ஓட்டுவேன். பிறகு முழுக்க ஏற்றுவேன். மறுபடி அணையும்வரை. பேட்டரிக்கு நல்ல பழக்கம் கற்றுக்கொடுப்பதாக மனத்துக்குள் ஒரு திருப்தி. இரண்டாவது லேப்டாப் வாங்கியதும் பழையதைத் துணியில் சுற்றி பீரோவில் வைத்தேன், அதுவும் கடைசிச் சொட்டுவரை தீர்த்துவிட்டு. ஆறேழு மாதம் கழித்து ஒரு பழைய கோப்பு தேவைப்பட்டு எடுத்தபோது பேட்டரியில் உயிரில்லை. சார்ஜரோடு சேர்த்தால் ஓடியது. கழற்றினால் அதே நொடியில் அணைந்தது.

அப்போது நான் எடுத்த முடிவுதான் எல்லாவற்றுக்கும் ஆரம்பம். காலியாக வைத்ததால் செத்தது என்று சரியாகவே புரிந்துகொண்டேன். அப்படியானால் அப்பா சொன்னதுதான் எல்லா பேட்டரிக்கும் சட்டம், எப்போதும் நிறைந்திருக்க வேண்டும் என்று அடுத்த அடியை எடுத்து வைத்தேன். அந்த அடி தவறு. ஒரு பக்கம் பள்ளம் இருப்பதைப் பார்த்தவளுக்கு மறுபக்கமும் பள்ளம் இருக்கலாம் என்று தோன்றவில்லை.

புது லேப்டாப் என் மாடியறை மேசைக்கு வந்தது. அறைக்கு மேலே மொட்டை மாடி, மேற்குப் பார்த்த ஜன்னல். சித்திரை, வைகாசியில் பகல் முழுதும் வாங்கிய வெயிலை அந்தத் தளம் நள்ளிரவு தாண்டியும் கீழே விட்டுக்கொண்டிருக்கும். நான் இரவில் வேலை செய்பவள். கையடியில் லேப்டாப் எப்போதும் சுட்டது. வெயில் காலம், சுடத்தானே செய்யும் என்று எடுத்துக்கொண்டேன். மேசையில் கீறல் விழாமலிருக்க அதற்கடியில் ஒரு துண்டை வேறு மடித்து விரித்திருந்தேன். காற்று இழுக்கும் துளைகள் அடிப்பக்கம்தான் இருக்கின்றன என்பதை நான் திருப்பிப் பார்த்ததே இல்லை. சார்ஜர் சுவரிலேயே இருந்தது. திரையின் ஓரத்தில் 100% என்று நிற்பதைப் பார்த்தால் மனது நிம்மதியாக இருக்கும்.

அண்ணன் மகளுக்குப் பொறியியல் கல்லூரியில் இடம் கிடைத்தபோது அண்ணன் தவணையில் அவளுக்கு லேப்டாப் வாங்கினார். சின்ன ஜெராக்ஸ் கடை அவருடையது. அந்தத் தவணை அவருக்குச் சின்னத் தொகை இல்லை. பெட்டியைப் பிரிக்காமல் நேரே என் வீட்டுக்குக் கொண்டுவந்தார்கள். "அத்தைதான் இதுலயே வேலை பாக்குறவ. எப்படிப் பாத்துக்கணும்னு அவகிட்ட கேட்டுக்க" என்றார் அண்ணன். நான் சொன்னேன். எப்போதும் சார்ஜரிலேயே வை, பேட்டரியைத் தொடாதே, அவசரத்துக்கு மட்டும் என்று பத்திரப்படுத்து. அவள் நோட்டில் எழுதிக்கொள்ளாத குறை. ஹாஸ்டல் அறையில் நாலு வருடமும் அப்படியே செய்தாள். மேசை பங்குபோடப்பட்டதால் கட்டிலில் மெத்தை மேல் வைத்துத்தான் பெரும்பாலும் படிப்பாள் என்பது எனக்குப் பின்னால்தான் தெரியும்.

கடைசி வருடம் வேலைக்கான ஆன்லைன் தேர்வு. அவள் மிகவும் விரும்பிய நிறுவனம். முதல் பகுதி முடித்து இரண்டாவது பகுதியில் இருக்கும்போது ஹாஸ்டலில் மின்சாரம் போனது. ஜெனரேட்டர் ஓடத் தொடங்குவதற்குள் ஆகும் கொஞ்ச நேரம்தான். போனிலிருந்து இணையம் வந்துகொண்டிருந்தது, அதில் தடங்கல் இல்லை. லேப்டாப் அணைந்துவிட்டது. அவள் திரும்பப் போட்டு உள்ளே நுழையப் பார்த்தபோது, ஒருமுறை வெளியேறியவர் மறுபடி நுழைய முடியாது என்று வந்தது.

இரவு என்னிடம் போனில் பேசினாள். அழவில்லை. "நூறுதான் காட்டுச்சு அத்தை. மத்தவங்களுக்கெல்லாம் ஓடிச்சு" என்றாள். இந்த இரண்டு வாக்கியத்தில் எல்லாமே இருந்தது. நான் காதில் வாங்கவில்லை. "கரண்ட் போனதுக்கு நீ என்னம்மா பண்ணுவ, விடு" என்றேன். அண்ணன் ஹாஸ்டல் நிர்வாகத்தைத் திட்டினார். நானும் சேர்ந்து திட்டினேன்.

சில மாதம் கழித்து என் லேப்டாப்பில் டச்பேட் அழுந்த மறுத்தது. விரலால் தடவினால் அம்புக்குறி நகரும், அழுத்தினால் கிளிக் ஆகாது. ஒரு ஓரம் லேசாக மேலே தூக்கியிருந்தது. பசை விட்டிருக்கும் என்று நினைத்து, என்னிடம் இருந்த தடித்த அகராதியை இரவு முழுக்க அதன்மேல் வைத்தேன். காலையில் பார்த்தால் தூக்கல் குறையவில்லை. இன்னும் சில நாளில் மூடினால் திரையும் கீழ்ப்பக்கமும் சேராமல் இடைவெளி விழுந்தது. சத்திரம் பேருந்து நிலையத்துக்குப் பக்கத்தில் இருக்கும் ஒரு சின்ன சர்வீஸ் கடைக்குக் கொண்டுபோனேன்.

கடைக்காரப் பையனுக்கு இருபத்தைந்து வயதுக்குள் இருக்கும். மேலோட்டமாகப் பார்த்துவிட்டு முதலில் போட்டுப் பார்த்தான். கறுப்புத் திரையில் ஏதோ தட்டினான். பேட்டரி ரிப்போர்ட் என்று ஒரு பக்கம் வந்தது. விண்டோஸ் எல்லா லேப்டாப்பிலும் இந்தக் கணக்கைத் தானாகவே எழுதி வைத்துக்கொள்கிறதாம். இத்தனை வருடம் அது என் கைக்கெட்டும் தூரத்தில் இருந்திருக்கிறது. புதிதாக வந்தபோது பேட்டரி கொள்ளும் அளவு ஒரு வரியில். இப்போது நிரம்பினால் கொள்ளும் அளவு அடுத்த வரியில். இரண்டாவது எண் முதல் எண்ணில் பாதிகூட இல்லை. அதற்குக் கீழே இருந்த வரியை அவன் விரலால் தொட்டுக் காட்டினான். பேட்டரி எத்தனை முறை முழுதாகச் செலவாகி நிரம்பியிருக்கிறது என்ற எண்ணிக்கை. நாற்பதை எட்டவில்லை.

"நீங்க பேட்டரிய யூஸே பண்ணலக்கா" என்றான். "முந்நூறு, ஐந்நூறு தடவ தாங்கும். நீங்க அதுல கொஞ்சம்கூடத் தொடல. ஆனா பாதிக்கு மேல போயிருச்சு."

அணைத்துவிட்டுத் திருப்பிப் போட்டு, திருகுகளை ஒவ்வொன்றாகக் கழற்றி ஒரு காந்தத் தட்டில் வைத்தான். அடி மூடியைப் பிளாஸ்டிக் பட்டையால் நெம்பி எடுத்தான். எடுத்ததும் கை நின்றது. தட்டையாக இருக்க வேண்டிய மூன்று வெள்ளிநிற உறைகள். நடுவில் இருந்தது விரல் தடிமனுக்கு உப்பி, மேலிருந்த டச்பேடை முதுகால் தள்ளிக்கொண்டிருந்தது. அவன் எதுவும் சொல்லாமல் இணைப்பைப் பிடுங்கினான். இரண்டு கையாலும் ஏந்தி வெளியே கொண்டுபோய், கடை வாசலில் இருந்த மணல் வாளிக்குள் வைத்துவிட்டு வந்தான்.

"இது மேல ஏதும் வெயிட் வச்சீங்களாக்கா?"

அகராதியைச் சொன்னேன். அவன் தலையை மட்டும் ஆட்டினான். "உறை கிழிஞ்சிருந்தா அங்கயே பத்திக்கும். நல்லவேளை."

"எப்பவும் சார்ஜர்லயே வச்சிருந்தேன். பேட்டரி வீணாகக் கூடாதுன்னு" என்றேன். 

"ஓவர் சார்ஜ் ஆகாதுக்கா, அதுக்கு உள்ளயே சர்க்யூட் இருக்கு. நூறு ஆனதும் நிறுத்திரும். ஆனா நூறுலயே நிக்குதில்ல, அதுதான் கெடுதல். ஒரு செல்லுக்கு 4.2 வோல்ட். அதுதான் உச்சம். அந்த உச்சத்துலயே சூட்டோட வருஷக்கணக்கா நின்னா உள்ள கேஸ் ஆகும், ரெசிஸ்டன்ஸ் ஏறும்."

நான் ஒரு கேள்வி கேட்டேன். "இந்த மாதிரி ஆன பேட்டரி நூறு காட்டும்போதே, கரண்ட் போனா டக்குனு ஆஃப் ஆகுமா?"

"ஆகும்க்கா. நூறுங்கிறது இப்ப இருக்குற அளவுல நூறு. அதுவும் திடீர்னு லோடு எடுக்கும்போது வோல்டேஜ் தாங்காம விழுந்துரும். மெஷின் அப்படியே நின்னுரும்."

அவன் என் லேப்டாப்பைப் பற்றிப் பேசிக்கொண்டிருந்தான். நான் கேட்டது என் லேப்டாப்பைப் பற்றி இல்லை.

கடைக்குள் ஒரு சின்ன ஸ்டூல் இருந்தது. உட்கார்ந்தேன். புது பேட்டரியின் விலையைச் சொன்னான். நாலாயிரத்துக்குக் கொஞ்சம் குறைவு, டச்பேடு தனி என்று. சரி என்றேன். என்ன சொன்னான் என்று பிறகு மறுபடி கேட்க வேண்டியிருந்தது. நூறுதான் காட்டுச்சு அத்தை. மத்தவங்களுக்கெல்லாம் ஓடிச்சு. அதே ஹாஸ்டல், அதே மின்வெட்டு. பக்கத்து அறைகளில் கண்டபடி கழற்றி மாட்டி, பாதியிலும் முக்காலிலும் ஓட்டிக்கொண்டிருந்த பிள்ளைகளின் லேப்டாப்கள் அந்தக் கொஞ்ச நேரத்தைத் தாண்டிவிட்டன. சொன்ன சொல்லைத் தட்டாமல் அத்தை சொன்னபடி பத்திரப்படுத்தியவளுடையது தாண்டவில்லை. அவசரத்துக்கு என்று சேர்த்து வைக்கச் சொன்னேன். அவசரம் வந்தபோது அதில் எதுவும் இல்லை.

வீட்டுக்கு வந்து அவளைக் கூப்பிட்டேன். அப்போது அவள் வேறொரு நிறுவனத்தில் சேர்ந்திருந்தாள். அன்று தவறிப்போன வேலையைவிடச் சம்பளம் குறைவு. 

"அன்னைக்கு டெஸ்ட்ல ஆஃப் ஆச்சே, அது கரண்டால இல்லம்மா. பேட்டரியால. நான் சொன்னதால."

கொஞ்ச நேரம் பேச்சில்லை. "தெரியும் அத்தை" என்றாள்.

"எப்பத்துல இருந்து?"

"அன்னைக்கு ராத்திரியே. ரூம்மேட் ரிப்போர்ட் எடுத்துக் காட்டுனா. அவ எம்பதுல நிக்கிற மாதிரி செட் பண்ணி வச்சிருந்தா. நீங்க நல்லதுக்குத்தான் சொன்னீங்க. சொன்னா மனசு கஷ்டப்படுவீங்கன்னு விட்டுட்டேன்."

அவளைக் குறை சொல்ல எனக்கு வாயில்லை. பெரியவர்கள் சொன்ன யோசனை சரியில்லை என்று திருப்பிச் சொல்லும் பழக்கம் எங்கள் வீட்டில் யாருக்கும் வந்ததில்லை. நானே என் அப்பாவிடம் அப்படிப் பேசியதில்லை. ஆனால் அப்பா இன்வெர்ட்டரைப் பற்றி மட்டும்தான் சொன்னார். அதைத் தூக்கிக்கொண்டு போய் லேப்டாப்புக்குப் பொருத்தியவள் நான். பொருந்துமா என்று ஒருநாளும் பார்க்காதவளும் நான்தான்.

அதற்குப் பிறகுதான் படிக்கத் தொடங்கினேன். லேப்டாப்பில் இருப்பது லித்தியம் அயான் பேட்டரி. அதன் கதை மற்ற இரண்டிலிருந்தும் முற்றிலும் வேறு. ஸ்டான்லி விட்டிங்ஹாம் 1970-களில் தொடங்கியது, ஜான் குட்இனஃப் ஆக்ஸ்ஃபோர்டில் 1980-இல் லித்தியம் கோபால்ட் ஆக்சைடைக் கொண்டு அதன் மின்னழுத்தத்தை உயர்த்தியது, அகிரா யோஷினோ 1985-இல் எதிர்முனைக்குக் கார்பன் பொருளை வைத்துப் பாதுகாப்பாக்கியது, 1991-இல் சோனி விற்பனைக்குக் கொண்டுவந்தது. இந்த மூவருக்கும் 2019-இல் வேதியியல் நோபல் கிடைத்தபோது குட்இனஃபுக்கு வயது 97. நோபல் பெற்றவர்களிலேயே மிக மூத்தவர் அவர்.

சார்ஜ் ஏற்றும்போது லித்தியம் அயனிகள் ஒரு முனையை விட்டு மறுமுனையிலுள்ள கிராஃபைட் அடுக்குகளுக்குள் போய்ச் சேர்கின்றன. பயன்படுத்தும்போது திரும்பி வருகின்றன. நிக்கல் பேட்டரிபோல இதற்குப் பழைய நினைவு எதுவும் இல்லை. முழுக்கத் தீர்த்தால் நன்மையும் இல்லை, கெடுதல்தான். காலியாக மாதக்கணக்கில் கிடந்தால் தானாக இன்னும் இறங்கி, பாதுகாப்பு சர்க்யூட் சார்ஜ் ஏற்ற மறுக்கும் அளவுக்குக் கீழே போய்விடும். என் பீரோவில் நடந்தது அது. மறுபக்கம், முழுக்க நிரம்பிய நிலையில் உள்ளிருக்கும் எலெக்ட்ரோலைட் திரவம் இரு முனைகளிலும் மெல்ல மெல்லச் சிதைகிறது. கிராஃபைட்டின் மேல் படலம் தடிக்கிறது. அந்தப் படலம் லித்தியத்தை விழுங்கிவிடுகிறது. விழுங்கியது திரும்பாது. சிதைவில் வாயு உண்டாகிறது. இவை நடக்க நாம் லேப்டாப்பைப் பயன்படுத்த வேண்டும் என்பதே இல்லை. சும்மா இருந்தாலே நடக்கும். வெப்பம் பத்து டிகிரி ஏறினால் இத்தகைய வேதிவினைகளின் வேகம் ஏறக்குறைய இரட்டிப்பாகும் என்பது பொதுக் கணக்கு.

கனடாவில் கேடெக்ஸ் நிறுவனத்தைத் தொடங்கிய இசிடோர் புக்மன் பேட்டரிகளைப் பற்றிச் சாதாரண மக்களுக்காக நிறைய எழுதியிருக்கிறார். அதில் வரும் ஓர் அட்டவணையை நான் நெடுநேரம் பார்த்துக்கொண்டிருந்தேன். 40 சதவீதச் சார்ஜில் 25 டிகிரி வெப்பத்தில் ஒரு வருடம் வைத்த லித்தியம் பேட்டரியில் 96 சதவீதக் கொள்ளளவு மிஞ்சுகிறது. அதே வெப்பத்தில் முழுச் சார்ஜில் வைத்தால் 80. வெப்பம் 40 டிகிரி என்றால் 40 சதவீதச் சார்ஜில் 85 மிஞ்சும். முழுச் சார்ஜில் 65தான். ஒரே ஒரு வருடத்தில். மேற்கு ஜன்னல், மொட்டை மாடி, மடித்த துண்டு, சுவரிலிருந்து கழற்றாத சார்ஜர் எல்லாம் சேர்ந்து நான் அந்த அட்டவணையின் மிக மோசமான மூலையில்தான் வருடக்கணக்காக உட்கார்ந்திருந்தேன். மெத்தை மேல் வைத்துப் படித்த பெண்ணையும் அங்கேயே உட்காரவைத்திருந்தேன்.

இதற்கு மருந்து காசில்லாதது என்பதுதான் எனக்கு மிகவும் வலித்தது. லெனோவோவில் கன்சர்வேஷன் மோட் என்று இருக்கிறது. ஏசஸ், டெல், எச்பி எல்லாவற்றிலும் வேறு வேறு பெயரில் இதே வசதி உண்டு. ஆப்பிளும் 2020-இல் மேக்புக்குகளில் பேட்டரி ஆரோக்கியத்துக்கான ஏற்பாட்டைச் சேர்த்தது. அமைப்புகளுக்குள் போய் ஒரு பொத்தானைத் தட்டினால், சார்ஜர் சுவரிலேயே இருந்தாலும் 80-இலோ 60-இலோ நின்றுவிடும். என் லேப்டாப்பிலும் அது வாங்கிய நாளிலிருந்து இருந்தது. அவளுடையதிலும் இருந்தது.

புது பேட்டரி போட்ட அன்றே 80 என்று வைத்தேன். முதல் சில வாரம் திரை ஓரத்தில் அந்த எண்ணைப் பார்க்கும்போதெல்லாம் ஏதோ குறைவதுபோல் மனது அடித்துக்கொண்டது. இப்போது பழகிவிட்டது. மேசையை ஜன்னலை விட்டு நகர்த்தி, துண்டை எடுத்துவிட்டு, காற்று போகிற மாதிரி ஒரு ஸ்டாண்டு வைத்திருக்கிறேன். வாரத்தில் சில நாள் சார்ஜரைக் கழற்றிவிட்டு முப்பது, நாற்பதுவரை இறங்க விடுகிறேன். சென்னைக்கு ரயில் ஏறும் நாளில் மட்டும் நூறுவரை ஏற்றிக்கொள்கிறேன். பயணத்துக்குத் தேவைப்படும்போது நிரப்பிக்கொள்வதில் தவறில்லை. பேட்டரி எப்படியும் ஒருநாள் தேயும் பொருள்தான். அதைப் பூஜை அறையில் வைக்கச் சொல்லி யாருக்கும் நான் சொல்லவில்லை. அண்ணன் மகளுக்குப் புது பேட்டரி வாங்கிக் கொடுத்தேன். அந்தத் தேர்வை என்னால் வாங்கிக் கொடுக்க முடியாது.

இன்வெர்ட்டர் இன்னும் மாடிப்படிக்கு அடியில்தான் இருக்கிறது. அப்பா இல்லாததால் மாதா மாதம் மிதவையை நான் பார்க்கிறேன். அதை எப்போதும் நிறைத்தே வைத்திருக்கிறேன். அதற்கு அதுதான் சரி. 

லேப்டாப் பற்றி இப்போது யாராவது யோசனை கேட்டால், முதலில் அதிலுள்ள பேட்டரி ரிப்போர்ட்டை எடுத்துப் பார்க்கச் சொல்கிறேன். நான் சொல்வதைவிட அந்தப் பக்கம் சொல்வதை நம்பச் சொல்கிறேன். ஒன்றே ஒன்றை மட்டும் யாரும் கேட்காமலே சொல்லிவிடுகிறேன், உங்களுக்கும் சேர்த்து. டச்பேடு ஒரு ஓரம் தூக்கியிருந்தாலோ, மூடும்போது இடைவெளி விழுந்தாலோ, அழுத்திப் பார்க்காதீர்கள், மேலே எதையும் வைக்காதீர்கள். சார்ஜரைக் கழற்றி அணைத்துவிட்டு, பழுது பார்ப்பவரிடம் கொண்டுபோங்கள். கழற்றிய பேட்டரியைக் குப்பையோடு போட வேண்டாம். 2022-ஆம் ஆண்டு பேட்டரிக் கழிவு விதிகளின்படி அதைத் திரும்பப் பெற்று அப்புறப்படுத்தும் பொறுப்பு தயாரிப்பாளருடையது. பேட்டரியின் மேலேயே குறுக்குக்கோடு போட்ட குப்பைத்தொட்டிப் படம் அச்சிட்டிருக்கும், பாருங்கள்.